தாத்தாவுக்கு இடமுண்டு, பேரனுக்கு இல்லை!
அமெரிக்காவின் மனைச் சட்டமும் முதியோர் வீடுகளும்

(தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் மாலை வகுப்பில் நிகழ்த்திய உரை)

வீட்டைப் பற்றிப் பேசும்போது நாம் வழக்கமாக வாடகையைப் பற்றிப் பேசுவோம். கூரையைப் பற்றி, கழிப்பறையைப் பற்றி, தண்ணீர்க் குழாயைப் பற்றிப் பேசுவோம். இன்றைக்கு அதற்கும் ஒரு படி முன்னால் போகிறோம். வீடு கட்டும் முன்பே, செங்கல் இறக்கும் முன்பே, யார் அந்த ஊரில் குடியிருக்கலாம், யார் கூடாது என்று ஒரு காகிதத்தில் எழுதித் தீர்மானித்துவிட முடியுமா? முடியும். உலகத்திலேயே பெரிய பணக்கார நாடான அமெரிக்காவில் அதை எப்படிச் செய்தார்கள், அதற்கு வயதானவர்களை எப்படித் திரையாகப் பிடித்தார்கள் என்பதுதான் விஷயம்.

அந்தக் காகிதத்துக்கு அங்கே ‘ஜோனிங்’ சட்டம் என்று பெயர். நம் ஊர்களிலும் இது குடியிருப்புப் பகுதி, இது ஆலைப் பகுதி, இது விவசாயப் பகுதி என்று வரைபடத்தில் வர்ணம் பூசி வைத்திருக்கிறார்கள் அல்லவா, அதே வகைதான். நாம் இதை மனைச் சட்டம் என்றே சொல்லுவோம். அங்கே வித்தியாசம் என்னவென்றால், இந்த அதிகாரம் பெரும்பாலும் சின்னச் சின்ன ஊர்ச் சபைகளின் கையில் இருக்கிறது. ஊரில் ஏற்கெனவே வீடு வைத்திருப்பவர்கள் ஓட்டுப் போட்டுச் சபையைத் தேர்ந்தெடுக்கிறார்கள். இனிமேல் வரப்போகிறவனுக்கு அங்கே ஓட்டு இல்லை. ஆகவே வரப்போகிறவனை எப்படி வரவிடாமல் செய்வது என்பதை, உள்ளே இருப்பவர்கள் மட்டும் உட்கார்ந்து முடிவு செய்கிறார்கள்.

தோல் பதனிடும் தொழிற்சாலைப் புகை குழந்தையின் தொட்டிலுக்கு மேல் வரக்கூடாது என்று சட்டம் செய்தால் அதை நாம் வரவேற்போம். ஆனால் வரலாறு அப்படி மட்டும் போகவில்லை. 1885இல் கலிபோர்னியாவில் மொடெஸ்டோ என்ற ஊர், துணி வெளுக்கும் கடைகள் ஊரின் இன்ன பகுதியில்தான் இருக்கலாம் என்று விதி செய்தது. வெளுத்தவர்கள் சீனர்கள். விதியில் சீனன் என்ற சொல் இல்லை. சலவை என்ற சொல்தான் இருந்தது. பிறகு சில நகரங்கள் துணிந்து நிறத்தையே எழுதின: வெள்ளையர் அதிகமுள்ள தெருவில் கருப்பின மக்கள் குடியேறக் கூடாது என்று. 1917இல் லூயிவில் நகரத்து வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் இதைச் செல்லாது என்றது. நிறத்தை எழுதக் கூடாது என்றதும், பல ஊர்களில் மனையின் அளவை எழுதினார்கள். 1926இல் கிளீவ்லாண்டு பக்கத்தில் உள்ள யூக்ளிட் என்ற ஊரின் வழக்கில் மனைச் சட்டம் முழுவதற்கும் உச்ச நீதிமன்றம் முத்திரை குத்திக் கொடுத்தது. தனி வீடுகள் உள்ள தெருவில் எழும் அடுக்குமாடிக் குடியிருப்பை அந்தத் தீர்ப்பு ஒட்டுண்ணி என்று வர்ணித்தது. அடுக்குமாடியில் குடியிருப்பவர் யார்? சொந்த வீடு வாங்க வக்கில்லாத தொழிலாளியும் குமாஸ்தாவும்தான். கட்டிடத்தைத் திட்டினால் யாருக்கும் கோபம் வராது பாருங்கள்.

இனி ஒரே ஊரை எடுத்துக்கொண்டு, அதை நன்றாகப் பார்ப்போம். நியூ ஜெர்சி ராஜ்யத்தில் மவுண்ட் லாரல் என்று ஒரு டவுன்ஷிப். 22 சதுர மைல். கேம்டன் என்ற தொழில் நகரத்திலிருந்து 7 மைல், பிலடெல்பியாவிலிருந்து 10 மைல். கேம்டனில் காம்ப்பெல் சூப் கம்பெனியின் தொழிற்சாலை இருந்தது. சுற்று வட்டாரத்து வயல்களில் விளைந்த தக்காளி அங்கே போய்ச் சூப்பாக டின்னில் அடைபட்டது. 1990இல் அந்தத் தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். மவுண்ட் லாரலோ பழைய விவசாயக் கிராமம். 1950இல் ஜனத்தொகை 2,817. 1970இல் 11,221. நெடுஞ்சாலைகள் வந்தன, நகரத்தை விட்டு வெளியேறிய வெள்ளையர் குடும்பங்கள் வந்தன, நிலத்தின் விலை ஏறிற்று.

அந்த ஊரில் பல தலைமுறையாகக் கருப்பின விவசாயத் தொழிலாளர்களும் வாரக் குத்தகைக்காரர்களும் இருந்தார்கள். தெற்கே அடிமைத்தனத்திலிருந்து தப்பி ஓடி வந்தவர்களின் வம்சம் அவர்களில் உண்டு. அவர்கள் குடியிருந்த பகுதியில், கோழி வளர்த்த கொட்டகையைத் தடுத்து வீடாக மாற்றிக் குடியிருந்த குடும்பங்களும் இருந்தன. ஊர்ச் சபை என்ன செய்தது? இடிந்த வீட்டில் குடியிருப்பவன் காலி செய்து போனால், மறுபடி யாரும் அதில் குடியேறக் கூடாது என்று தடுத்தது. வேறு வீடு கட்டித் தரவில்லை. ஒவ்வொரு வீடாக அவிந்துகொண்டே வந்தது. விரட்டினான் என்று யார் சொல்ல முடியும்? யாரையும் கையைப் பிடித்து இழுக்கவில்லையே!

மகன் கல்யாணம் செய்தால் ஊரில் வீடு கிடையாது. மகள் பிள்ளை பெற்றால் ஊரில் வீடு கிடையாது. தாய் தகப்பன் ஓரிடம், பிள்ளைகள் கேம்டன் நகரத்துச் சேரியில். இதற்கு வழி தேடி, அந்த மக்கள் சேர்ந்து 36 சிறிய வாடகை வீடுகள் கட்டலாம் என்று ஒரு திட்டம் போட்டார்கள். அவர்களோடு முன்னால் நின்றவர் எதெல் லாரன்ஸ் என்ற அம்மையார். குழந்தைகள் காப்பகத்தில் ஆசிரியை. 1970இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவர்கள் வழிபடும் தேவாலயத்துக்கே மேயர் வந்து பதில் சொன்னார்: இந்த ஊரில் வாழ வசதியில்லாதவர்கள் ஊரை விட்டுப் போக வேண்டியதுதான். பெரிய ரகசியமாகக் காதோடு சொன்னதல்ல. ஊர் கூடியிருக்கும் இடத்தில் சொன்னார்.

அந்த வசதி எவ்வளவு என்று கணக்குப் பார்ப்போம். 1964இல் செய்த மனைச் சட்டப்படி அங்கே தனித்தனி வீடுதான் கட்டலாம். ஒட்டு வீடு கூடாது, அடுக்கு வீடு கூடாது. ஒரு வகைப் பகுதியில் ஒரு வீட்டுக்குக் குறைந்தது 20,000 சதுர அடி மனை வேண்டும். நம் கணக்கில் ஏறக்குறைய 46 செண்டு! நம்மில் எத்தனை பேருக்கு 3 செண்டு இருக்கிறது? அதற்குள் எழும் வீடும் 1,100 சதுர அடிக்குக் குறையக் கூடாது. மனை அகலம் 100 அடி. இதிலே சின்ன வீடு, ஏழை வீடு எங்கிருந்து எழும்? மறுபுறம், ஊரின் மொத்த நிலம் 14,000 ஏக்கருக்குச் சற்று மேல். அதில் 4,100 ஏக்கருக்கு மேல் தொழிற்சாலைக்கு என்று ஒதுக்கி வைத்திருந்தார்கள். அதில் தொழில் வந்தது 100 ஏக்கரில்தான். மீதி சும்மா கிடந்தது. நிலம் இல்லை என்ற பேச்சுக்கே இடமில்லை, தோழர்களே.

ஏன் இப்படிச் செய்தார்கள்? வெறும் நிற வெறுப்பு என்று சொல்லி முடித்துவிட்டால் பாதிதான் சொன்னதாகும். பணக் கணக்கு ஒன்று இருக்கிறது. அங்கே பள்ளிக்கூடச் செலவின் பெரும்பகுதி உள்ளூர் வீட்டு வரியிலிருந்து வருகிறது. தொழிற்சாலை வந்தால் வரி வரும், பிள்ளைகள் வராது. பெரிய வீடு வந்தால் வரி அதிகம், பிள்ளை குறைவு. தொழிலாளியின் சின்ன வீடு வந்தால் வரி குறைவு, பிள்ளைகள் நாலு. அந்தப் பிள்ளைகளுக்கு வாத்தியார் வேண்டும், பெஞ்சு வேண்டும். ஆகவே ஊர்ச் சபையின் கணக்கில், பள்ளிக்கூடம் போகிற குழந்தை என்பது நஷ்டம். இது நம்முடைய மிகைப்பேச்சல்ல. அடுக்கு வீடு கட்ட ஒரு தனித் திட்டத்துக்கு அனுமதி கொடுத்தபோது அந்தச் சபை விதித்த நிபந்தனைகளைக் கேளுங்கள்: ஒரு படுக்கையறை உள்ள வீட்டில் பள்ளி வயதுப் பிள்ளை இருக்கவே கூடாது, இரண்டு படுக்கையறை வீட்டில் இரண்டு பிள்ளைக்கு மேல் கூடாது, 10 வீட்டுக்கு 3 பிள்ளை என்ற விகிதத்தை மீறினால் அதிகப்படியான பிள்ளைகளின் படிப்புச் செலவை வீடு கட்டிய கம்பெனியே கட்ட வேண்டும். பிள்ளை பெற்றால் அபராதம்! கம்பெனிக்காரன் யாருக்கு வீடு கொடுப்பான் என்று சொல்ல வேண்டியதில்லை.

இங்கேதான் முதியோர் வருகிறார்கள்.

1971இல் எதெல் லாரன்ஸ் அம்மையாரும் மற்றவர்களும், கருப்பின மக்கள் முன்னேற்றச் சங்கத்தின் உள்ளூர்க் கிளைகளும் சேர்ந்து வழக்குப் போட்டார்கள். ஏழைகளுக்கு வாதாடும் இளம் வக்கீல்கள் நடத்தினார்கள். வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே, 1972 செப்டம்பரில், அதே சபை ஏறக்குறைய 200 ஏக்கரை ஒதுக்கி அங்கே அடுக்கு வீடும் ஒட்டு வீடும் கட்டலாம் என்று புது விதி செய்தது. எதை 36 ஏழைக் குடும்பங்களுக்கு மறுத்தார்களோ, அதை அனுமதித்தார்கள். யாருக்கு? வயதானவர்களுக்கு. 52 வயது ஆகியிருக்க வேண்டும். ஊரில் முதியோருக்கு வீட்டுப் பஞ்சம் கடுமையாக இருக்கிறது என்று விதியின் முகப்பிலேயே எழுதினார்கள். கேட்பதற்கு எவ்வளவு நல்ல காரியம்!

உள்ளே என்ன எழுதியிருந்தது? ஒரு வீட்டில் மூன்று பேருக்கு மேல் நிரந்தரமாக இருக்கக் கூடாது. பிள்ளை என்றால் ஒன்றே ஒன்று. அதுவும் 18 வயதைத் தாண்டியிருக்க வேண்டும். 52 வயது ஆகாதவர் யார் யார் இருக்கலாம் என்று ஒரு பட்டியல்: மனைவியோ கணவனோ இருக்கலாம்; நர்ஸ் இருக்கலாம்; வீட்டோடு தங்கி வேலை செய்யும் வேலைக்காரி இருக்கலாம். தோழர்களே, இந்தப் பட்டியலை நாம் இரண்டு முறை படித்துப் பார்க்க வேண்டும். பாத்திரம் கழுவுகிற பெண் உள்ளே இரவு தங்கலாம். அவளுடைய குழந்தை தங்க முடியாது. தகப்பன் இறந்துபோன பேரனைத் தாத்தா தன் பக்கத்தில் படுக்க வைத்துக்கொள்ள முடியாது.

சரி, ஏழைக் கிழவர்களுக்காவது அது பயன்பட்டதா? அதுவும் இல்லை. அந்த 200 ஏக்கரில் கட்டுவதற்கு விதித்த நிபந்தனைகள் அவ்வளவு செலவு பிடிப்பவை. ஓய்வு பெற்ற தொழிலாளியின் சக்திக்கு எட்டாத திட்டம் இது என்பது விதியைப் படித்தாலே தெரிகிறது என்று பின்னால் நியூ ஜெர்சி உச்ச நீதிமன்றமே எழுதிற்று. ஆக வயலில் தக்காளி பறித்து முதுகு வளைந்த கிழவனும் வெளியே. அவன் பேரனும் வெளியே. உள்ளே வந்தவன் பணமுள்ள கிழவன் மட்டும்.

1975 மார்ச் மாதம் அந்த நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. எழுதியவர் பிரடெரிக் ஹால் என்ற நீதிபதி. வளர்ந்து வரும் ஒவ்வொரு ஊரும், தன் வட்டாரத்தில் உள்ள குறைந்த வருமான மக்களின் வீட்டுத் தேவையில் தனக்குரிய நியாயமான பங்கை ஏற்க வேண்டும். வரியைக் காரணம் காட்டி மனைச் சட்டத்தால் அவர்களைத் தடுக்கக் கூடாது என்றது தீர்ப்பு. ஏழைகள் ஜெயித்தார்கள் என்று பத்திரிகைகள் எழுதின. ஆனால் தீர்ப்பு சுவராகாது. மவுண்ட் லாரல் சபை பணிந்தது போலக் காட்டி, 14,000 ஏக்கரில் 20 ஏக்கரை ஏழைகளுக்கென்று வரைபடத்தில் குறித்துக் காட்டிற்று. நூற்றில் கால் பங்கு கூட இல்லை. எட்டு வருஷம் கழிந்தும் அதில் ஒரு வீடு எழவில்லை. 1983இல் அதே நீதிமன்றம் மறுபடி கூடி, தலைமை நீதிபதி ராபர்ட் வைலண்ட்ஸ் எழுதிய தீர்ப்பில், முன்னைவிடக் கடுமையாகப் பேசிற்று. வீடு கட்டும் கம்பெனி நூற்றுக்கு 20 வீட்டை ஏழைகளுக்கும் குறைந்த வருமானக்காரர்களுக்கும் தர முன்வந்தால், ஊர்ச் சபை தடுத்தாலும் கோர்ட்டே அனுமதி கொடுக்கலாம் என்றது.

இதிலே நம் அபிப்பிராயம் என்ன? ஏழைக்கு ஒரு வீடு வேண்டுமானால் பணக்காரனுக்கு நாலு வீடு கட்டி லாபம் எடுத்துக்கொள் என்று கம்பெனிக்காரனை அழைக்கிற வழி இது. சர்க்கார் தன் பணத்தில் கட்டியிருக்க வேண்டியதைக் கட்டிட முதலாளியின் லாப வாலில் கட்டித் தொங்க விட்டார்கள். ஆனாலும், பூட்டிக் கிடந்த கதவு இதனால் கொஞ்சம் திறந்தது என்பதையும் மறைக்கக் கூடாது. அந்த வழியில் கட்டிய வீடுகளில் இன்றும் ஆயிரக் கணக்கான குடும்பங்கள் வாழ்கின்றன.

கதவு திறந்ததும் ஊர்ச் சபைகள் சும்மா இருந்தனவா? 1985இல் ராஜ்ய சட்டசபை ஒரு சட்டம் செய்து ஒரு சந்து வைத்துக் கொடுத்தது. தன் பங்கில் பாதி வரைக்கும் வேறொரு நகரத்துக்குப் பணமாகக் கொடுத்துத் தள்ளிவிடலாம். பணக்கார ஊர் காசைக் கொடுக்கும். ஏழைகள் ஏற்கெனவே நெருக்கியடித்துக் கிடக்கும் நகரம் இன்னும் கொஞ்சம் ஏழைகளை வைத்துக்கொள்ளும். 2008இல்தான் இந்த வியாபாரத்தை ரத்து செய்தார்கள். இன்னொரு சந்து, மறுபடியும் நம் முதியோர்தான். ‘எங்கள் பங்கை நாங்கள் கட்டுகிறோம், ஆனால் கட்டுவதெல்லாம் வயதானவர்களுக்கு’ என்று சபைகள் கிளம்பின. வாடகை குறைந்த வீடுதான். ஆனால் பிள்ளைகள் வரமாட்டார்கள், பள்ளிச் செலவு வராது, நகரத்திலிருந்து கருப்பினக் குடும்பங்களும் ஸ்பானிய மொழி பேசும் குடும்பங்களும் வரமாட்டா. ஊரில் ஏற்கெனவே உள்ளவர்களின் தாய் தகப்பனே குடியேறுவார்கள். ஆகவே ஒரு ஊர் தன் பங்கில் இத்தனை சதவிகிதத்துக்கு மேல் முதியோர் வீடாகக் காட்டக் கூடாது என்று வரம்பு வைக்க வேண்டியதாயிற்று. அந்த வரம்பைத் தளர்த்துவதற்கும் இறுக்குவதற்கும் கோர்ட்டில் பல வருஷம் இழுபறி நடந்தது.

இங்கே ஒரு தோழர் எழுந்து, ‘அப்படியானால் முதியோருக்குத் தனி வீடு கட்டுவதே தப்பா? வயதானவனுக்கு அமைதி வேண்டாமா?’ என்று கேட்பார். நியாயமான கேள்வி. இதே கேள்வி 1976இல் வேமவுத் என்ற சிற்றூர் வழக்கில் அந்த நீதிமன்றத்தின் முன்னால் வந்தது. 52 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும் நகரும் வீடுகள் கொண்ட குடியிருப்பு அமைக்கலாம் என்று அந்த ஊர் விதி செய்திருந்தது. செல்லும் என்றது நீதிமன்றம். முதியோருக்குத் தனித் தேவைகள் உண்டு. சின்ன வீடு, படியில்லாத வாசல், குறைந்த செலவு, பக்கத்தில் துணை. அவற்றைக் கவனிக்க ஊருக்கு உரிமை உண்டு. ஆனால் இதையே குழந்தை உள்ள குடும்பங்களைத் துரத்தும் சாக்காக்கினால் அது வேறு விஷயம் என்றும் எச்சரித்தது. இந்த அளவில் அந்தத் தீர்ப்பு சரி என்பதுதான் நம் எண்ணம். நாம் முதியோர் வீட்டின் விரோதிகள் அல்ல. முழங்கால் தேய்ந்த நெசவாளி மூன்றாம் மாடி ஏறுவது என்ன நியாயம்? 1959இல் செய்த வீட்டுச் சட்டத்தின் 202ஆம் பிரிவின்படி, லாப நோக்கில்லாத சங்கங்கள் முதியோருக்கு வீடு கட்ட அமெரிக்க மத்திய சர்க்கார் கடன் கொடுத்தது. பிற்காலத்தில் மானியமாகவே கொடுத்தது. 62 வயதான ஏழை தன் வருமானத்தில் 30 சதவிகிதம் வாடகை தந்தால் போதும் என்ற வீடுகள் இதனால் வந்தன. உருப்படியான காரியம். குறை என்ன? தேவைக்கு எத்தனையோ மடங்கு குறைவாகக் கட்டினார்கள். அதைக் கட்ட வந்தபோதும் பல ஊர்களில் இத்தனை உயரம் கூடாது, இத்தனை கார் நிறுத்த இடம் வேண்டும் என்று தடுத்தார்கள். கண் மங்கிக் கார் ஓட்டுவதையே விட்டுவிட்ட கிழவிக்குக் கார் நிறுத்த இடம் எதற்கு என்று கேட்பாரில்லை.

பணமுள்ள முதியோருக்கான ஊர் எப்படிக் கிளம்பிற்று என்பதையும் கேளுங்கள். பண்ணைத் தொழிலாளர்கள் முக்கியமாகக் கேட்க வேண்டும். 1960 ஜனவரி 1ஆம் தேதி, அரிசோனா ராஜ்யத்தில் ‘சன் சிட்டி’ என்ற ஊரைத் திறந்தார்கள். கட்டியவர் டெல் வெப் என்ற பெரிய காண்ட்ராக்டர். இரண்டாம் உலக யுத்தத்தின்போது, 1942இல், ஜப்பானிய வம்சத்து அமெரிக்கர்களைக் குடும்பத்தோடு அடைத்து வைத்த பாஸ்டன் என்ற பாலைவன முகாமைக் கட்டியதும் இவருடைய கம்பெனிதான். சன் சிட்டி எழுந்த நிலம், பாஸ்வெல் என்ற பெரும் பண்ணைக் கம்பெனியின் பருத்திக் காடு. பருத்தி எடுப்பதை விட மனை விற்பது லாபம் என்று கண்டார்கள். கோல்ப் மைதானம் வந்தது, நீச்சல் குளம் வந்தது. வீட்டில் ஒருவருக்காவது 50 வயது ஆகியிருக்க வேண்டும். பள்ளி வயதுப் பிள்ளை கூடாது. பக்கத்திலேயே எல் மிராஜ் என்ற சிற்றூர். பருத்தி எடுக்கவும் காய்கறி பறிக்கவும் வந்த மெக்சிகோ வம்சத்துக் கூலிகள் குடியேறிய ஊர். புதுப் பள்ளிக்கூடம் கட்டக் கடன் பத்திரம் வெளியிடலாமா என்று அந்த வட்டாரத்தில் வாக்கெடுப்பு வந்தபோதெல்லாம் சன் சிட்டி மக்கள் திரண்டு போய் வேண்டாம் என்று குத்தினார்கள். கடைசியில் 1974இல் பள்ளி மாவட்டத்திலிருந்தே அந்த ஊர் பிரிக்கப்பட்டது. நம் பிள்ளைகள் படித்து முடித்தாயிற்று, இனி ஊரான் பிள்ளைக்கு நாம் ஏன் வரி கொடுப்பது என்ற வாதம். அந்தக் கிழவர்களைத் திட்டிப் பயனில்லை. மனிதனை வயதுவாரியாகப் பிரித்து வேலிக்குள் வைத்தால் அவன் இப்படித்தான் யோசிப்பான்.

அதே அரிசோனாவில் யங்டவுன் என்ற ஊர் இதற்கும் மூத்தது, 1954இல் தோன்றியது. பெயர் இளமை, குடியிருப்பவர் முதியோர்! அங்கே ஒரு தாத்தாவும் பாட்டியும், வீட்டில் கொடுமை தாங்காமல் ஓடி வந்த பதின்வயதுப் பேரனைச் சேர்த்துக்கொண்டார்கள். ஊர்ச் சபை அபராதம் என்று மிரட்டிற்று. அவர்கள் பணியவில்லை. தகராறு ராஜ்ய சர்க்கார் வரை போய், ஊரின் வயது விதிக்கே சட்ட ஆதாரம் சரியில்லை என்று தெரிய வந்து, 1998இல் அந்த விதியே விழுந்தது. பிறகு அந்த ஊரில் குழந்தைகள் குடியேறினார்கள். ஊர் இடிந்து விழுந்துவிடவில்லை.

அமெரிக்க மத்திய சட்டமும் இதில் இரண்டு பக்கமும் பேசுகிறது. குழந்தை இருக்கிறது என்ற காரணத்துக்காக வீடு மறுக்கக் கூடாது என்று 1988இல் சட்டம் வந்தது. அதே சட்டத்தில் முதியோர் குடியிருப்புக்கு விலக்கும் வந்தது: எல்லோரும் 62 வயதானவர்கள் என்றால் விலக்கு, அல்லது 100 வீட்டில் 80 வீட்டிலாவது ஒருவர் 55 வயதானவர் என்றால் விலக்கு. இந்த 55 வயது விலக்கு வேண்டுமானால் முதியோருக்கென்று தனி வசதிகள் செய்து தர வேண்டும் என்றும் முதலில் இருந்தது. 1995இல் அந்த நிபந்தனையைத் தூக்கிவிட்டார்கள். கைப்பிடி வேண்டாம், சாய்தளம் வேண்டாம், மருத்துவ உதவி வேண்டாம். குழந்தை இல்லாமல் இருந்தால் போதும், அது முதியோர் குடியிருப்பு!

நியூ ஜெர்சியில் ஊர்ச் சபைகள் இப்படி 55 வயதுக் குடியிருப்புகளுக்கே சுலபமாக அனுமதி கொடுத்துக்கொண்டே போனதில் என்ன ஆயிற்று? 2008இல் வீட்டு வியாபாரம் சரிந்தது. பழைய வீட்டை விற்றால்தானே கிழவர் புது வீடு வாங்க முடியும்? வாங்க ஆளில்லை. கம்பெனிகள் சர்க்காரிடம் ஓடின. 2009இல் ஒரு சட்டம் செய்து, வயது நிபந்தனையை எடுத்துவிட்டு எல்லோருக்கும் விற்கலாம், 20 சதவிகிதத்தை ஏழைகளுக்கு ஒதுக்கினால் போதும் என்றார்கள். முதியோரின் கடும் வீட்டுப் பஞ்சம் என்று முழங்கியதெல்லாம், சரக்கு தேங்கியதும் ஒரு நொடியில் மறந்து போயிற்று. உண்மையில் வீடில்லாத ஏழை முதியோர் அப்போதும் காத்திருப்போர் பட்டியலில்தான் இருந்தார்கள்.

இன்னொன்று. பெரும்பாலான முதியோர் வேலி போட்ட தனி ஊருக்குப் போக விரும்புவதில்லை. உழைத்த ஊரில், தெரிந்த கடைக்காரன் பக்கத்தில், மகன் மகள் கூப்பிடு தூரத்தில் இருக்கவே விரும்புகிறார்கள். ஆனால் மகன் வீட்டுக் கொல்லையில் தாய்க்கு ஒரு சின்ன அறையும் அடுப்பும் போட்டுத் தனி வீடாகக் கட்டினால், பல அமெரிக்க ஊர்களில் அது மனைச் சட்டப்படி குற்றம். ஒரு மனைக்கு ஒரு வீடுதான்! கலிபோர்னியாவில் 2016இலும் 2019இலும் ராஜ்ய சட்டங்களைச் செய்து, கொல்லை வீட்டை ஊர்ச் சபைகள் தடுக்கக் கூடாது என்று ஆக்கினார்கள். பாட்டி வீடு என்றே அதைச் செல்லமாகச் சொல்லுகிறார்கள். பாட்டிக்கு அடுப்பு வைக்க ராஜ்ய சட்டசபை கூட வேண்டியிருந்தது.

மவுண்ட் லாரலுக்குத் திரும்புவோம். எதெல் லாரன்ஸ் அம்மையார் 1994இல் காலமானார். வீட்டைக் கண்ணால் பார்க்கவில்லை. 1997இல், கூச்சலும் எதிர்ப்பும் நிறைந்த கூட்டங்களுக்குப் பிறகு, சபையின் திட்டக் குழு அனுமதி கொடுத்தது. 2000இல் முதல் குடும்பங்கள் குடியேறின. வழக்குப் போட்டு 29 வருஷம்! குடியிருப்புக்கு அவர் பெயரையே வைத்தார்கள். முதலில் 100 வீடு, பிறகு 40, ஆக 140. ஏழைகள் வந்தால் திருட்டு பெருகும், வீட்டு விலை சரியும், வரி ஏறும் என்று கூச்சலிட்டார்கள் அல்லவா? டக்ளஸ் மாஸி என்ற பிரின்ஸ்டன் பல்கலைக்கழகப் பேராசிரியரும் அவருடைய சகாக்களும் பத்து வருஷக் கணக்கை எடுத்துப் பக்கத்து ஊர்களோடு ஒப்பிட்டு, 2013இல் ஒரு நூல் வெளியிட்டார்கள். குற்றம் பெருகவில்லை, விலை சரியவில்லை, வரி ஏறவில்லை. அக்கம்பக்கத்தில் பலருக்கு அப்படி ஒரு குடியிருப்பு இருப்பதே தெரியவில்லை. குடியேறிய பிள்ளைகள் படிக்க அமைதியான இடம் கிடைத்துப் படித்தார்கள்.

சண்டை முடியவில்லை. 2024இல் நியூ ஜெர்சி புதுச் சட்டம் செய்தது. அடுத்த பத்து வருஷத்துக்கு ஒவ்வொரு ஊருக்கும் எத்தனை வீடு பங்கு என்று கணக்கிடும் முறையை அது எழுதி வைத்தது. அந்தப் பங்கில் 30 சதவிகிதத்துக்கு மேல் வயது நிபந்தனை உள்ள வீடாக இருக்கக் கூடாது. பாதியாவது குழந்தைகளோடு வாழும் குடும்பங்களுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும் என்றும் எழுதியிருக்கிறது. திட்டத்தைத் தாக்கல் செய்ய 2025 ஜூன் 30 கெடு. அதற்கேற்ப மனைச் சட்டத்தைத் திருத்த 2026 மார்ச் 15 கெடு. சில ஊர்கள் கூட்டுச் சேர்ந்து இந்தச் சட்டத்தையே எதிர்த்துக் கோர்ட்டுக்குப் போயின. ஊர்ச் சபையின் திட்டம் எதுவானாலும் அங்கே போராடுகிறவர்கள் முதலில் புரட்டிப் பார்ப்பது அழகான படங்களை அல்ல. ஒரு வீட்டுக்கு எத்தனை படுக்கையறை, மனை எத்தனை சதுர அடி, வாடகை எந்த வருமானத்தைக் கணக்கில் வைத்தது, யார் யார் உடன் தங்கலாம் என்று எழுதியிருக்கும் பக்கத்தைத்தான்.

நம் பேச்சு இவ்வளவுதான். கேள்விகளைத் தோழர்கள் கேட்கலாம்.